திவாலாகப் பத்துப் பொன்

மேகநல்லூர்ச் சீமை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கக்கூடாது. அங்கே மழைகூட அரண்மனையைக் கேட்டுக்கொண்டுதான் பெய்யும். ஒரு வருஷம் கேட்காமல் பெய்துவிட்டது. வீரணனின் வெற்றிலைக் கொடிக்கால் வேரோடு அழுகிப்போனது.

கொடிக்கால் போட வாங்கிய கடன் மட்டும் அழுகவில்லை. வட்டிக்கடை பூசப்பன் வந்து வாசலில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பணம் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிடுவதாகவும், புருஷனும் பெண்டாட்டியும் ஆயுசுக்கும் தன் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள வேண்டியதுதான் என்றும், இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சீமையில் நொடித்துப்போனவனுக்கு ஒரு வழி இருந்தது. பட்டப்பகலில் எரிகிற விளக்கோடு சபைக்குள் வர வேண்டும். ராஜா தன் கையால் அதை அணைப்பார். விளக்கு அணைந்தால் கடனும் அணைந்தது. அதற்குப் பிறகு அவனை எவனும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

வீரணன் ஓர் அகலை ஏற்றி, காற்றுக்குக் கையால் மறைத்தபடி அரண்மனைக்குப் போனான். வாசலில் பொக்கிஷதார் தாண்டவராயர் உட்கார்ந்திருந்தார். பூசப்பன் அவருக்கு மைத்துனன். ஊர் எண்ணெயின் புகை சபைக்கு ஆகாது, அரண்மனை எண்ணெயில் எரிகிற தீதான் உள்ளே போகலாம் என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அரண்மனை எண்ணெய் கரண்டி பத்துப் பொன்.

"பத்துப் பொன்னு இருந்தா நான் ஏன் சாமி இங்க வர்றேன்?" என்றான் வீரணன்.

"இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது."

"எப்படியோ பெரட்டிக் கட்டிட்டேன்னு வச்சுக்குங்க?"

"பத்துப் பொன் வைத்திருப்பவன் எப்படியப்பா திவாலாவான்? திருப்பி அனுப்பிவிடுவோம். எண்ணெய்க் காசு மட்டும் திரும்பாது."

வீரணன் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கமும் கதவு இல்லை. அகலை ஊதி அணைத்தான். தானே அணைத்தால் செல்லாது.

இதையெல்லாம் மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் குழந்தைப் புலவர். சபையில் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் அவருடையது. வயது எழுபது, பெயர் வைத்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் வீரணனைத் தனியாக அழைத்து, கடன் யாரிடம், கெடு என்றைக்கு என்று விசாரித்தார். கையில் பலம் இருக்கிறதா என்றும் கேட்டார். அது ஒன்றைத்தான் இன்னும் அடகு வைக்கவில்லை என்றான் வீரணன்.

"வெள்ளிக்கிழமை காலையில் வா. வேலை இருக்கிறது. நான் நட என்றால் நட. வேறு யார் நில் என்றாலும் உனக்குக் காது கேட்காது."

வேலை இதுதான். மூன்று வருஷமாக ஒருவன்கூடத் திவாலாகாத சீமை என்று தாண்டவராயர் எழுதி அனுப்ப, சக்கரவர்த்தி மனம் குளிர்ந்து மேகநல்லூர் ராஜாவுக்குப் பகல் பந்த மரியாதை கொடுத்திருந்தார். ராஜா பகலில் உலாப் போனாலும் முன்னால் ஒருவன் எரியும் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பான். வெயிலில் பந்தம் எதற்கு என்றால், அதுதான் மரியாதை. அதுவரை பந்தம் பிடித்தவன், மீசை இரண்டாம் முறையும் கருகியதில் வேலையை விட்டுவிட்டான். புலவரின் சிபாரிசில் அந்த இடம் வீரணனுக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஊர்வலம் தெருத்தெருவாகச் சுற்றியது. கடைத்தெருவில் பூசப்பன் பல்லக்குக்குக் கும்பிடு போட்டான். வீரணனுக்குச் சூரியனைச் சுட்டிக் காட்டினான். திரும்பி வந்ததும் ராஜா இறங்கி உள்ளே போய்ச் சிங்காதனத்தில் உட்கார்ந்தார். வெயிலுக்கு நீர்மோர் கொடுத்தார்கள். பந்தத்தை வாசல் தொட்டியில் முக்கி அணைப்பது வழக்கம். வீரணன் தொட்டியை நெருங்கியபோது முதுகுக்குப் பின்னால் "நட" என்று கேட்டது. நடந்தான். காவலர்கள் நில் என்றார்கள். கேட்கவில்லை. சிங்காதனத்துக்கு எதிரே போய்த்தான் நின்றான்.

புகை நேராக ராஜாவின் மூக்குக்குப் போனது. அவர் இருமினார். கண்ணில் நீர் வந்தது.

"பிரபு, கையில் மோர் இருக்கிறது" என்றார் புலவர் பணிவாக.

ராஜா சொம்போடு வீசினார். சொய் என்று பந்தம் அணைந்தது.

புலவர் கணக்கரிடம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும். கொடிக்கால் வீரணன். பட்டப்பகல். அரண்மனை எண்ணெய். ராஜாவின் கை. கடன் அணைந்தது."

தாண்டவராயர் எழுந்தே விட்டார். இவன் எண்ணெய்க்குக் காசு கட்டவில்லை, இது இவன் பந்தமே இல்லை, மகாராஜாவின் பந்தம், இவன் கூலிக்குப் பிடித்தவன் என்று மூச்சு விடாமல் அடுக்கினார்.

"பந்தம் மகாராஜாவுடையதா?" என்று கேட்டார் புலவர்.

"சந்தேகம் என்ன?"

"நல்லவேளை சொன்னீர்கள். தப்பாக எழுத இருந்தோம். அப்படியானால் பட்டப்பகலில் ஊரெல்லாம் விளக்கோடு சுற்றிச் சபைக்கு வந்து, தன் கையாலேயே அணைத்துக்கொண்டவர் மகாராஜா. திவாலானது அவர்தான். கணக்கரே, வீரணன் பெயரை அடித்துவிட்டு மகாராஜா பெயரைப் போடும். சக்கரவர்த்திக்கும் ஓர் ஓலை போக வேண்டும்."

கணக்கர் எழுத்தாணியைத் தூக்கியபடி பொக்கிஷதாரைப் பார்த்தார். ராஜாவும் மீசையில் இருந்த கறிவேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"தாண்டவராயரே, பந்தம் யாருடையது?"

பொக்கிஷதார் கணக்கரின் எழுத்தாணியைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டார்.

"வீரணனுடையதுதான், பிரபு. ரொம்ப நாளாகவே அவனுடையதுதான்."

ராஜா சிங்காதனம் ஆடச் சிரித்தார். பத்துப் பொன் எண்ணெயைப் பற்றிப் புலவர் எடுத்துச் சொன்னதும் சிரிப்பு பாதியில் நின்றது. தன் சீமையில் ஏன் ஒருவனும் திவாலாகவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வீரணன் வீட்டுக்கு வந்தான். பூட்டோடு காத்திருந்த பூசப்பனிடம், பூட்டு நன்றாக இருக்கிறது, என்ன விலை என்று மட்டும் விசாரித்துவிட்டு உள்ளே போனான்.

சட்டத்தை மாற்றினால் சக்கரவர்த்திக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதனால் ராஜா சட்டத்தில் கை வைக்கவில்லை. தினமும் உலாப் போக ஆரம்பித்தார், அவ்வளவுதான். பந்தம் பிடிக்கத் தினம் ஒரு புது ஆள். வாசலில் அகலோடு நிற்கிற கடன்காரர்களில் புலவர் பொறுக்கி அனுப்புவார். தினமும் ராஜாவுக்கு இருமல் வந்தது. பக்கத்திலேயே நின்று மோர்ச் சொம்பை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகத்தை அவர் தாண்டவராயருக்கே கொடுத்தார்.