பதினாலாம் படத்துக்கு எதிராக ஒரே ஒரு கை

ஒரு வழக்கை உங்கள்முன் வைக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஈரோட்டில் வில்லவன் ரசிகர் மன்றம் என்று ஒன்று உண்டு. வில்லவன் ஓர் உளவாளி. திரையில் மட்டும் வாழ்கிறவன். முப்பத்தொரு வருடங்களில் இருபது படங்கள் வந்துவிட்டன. நடிகர்கள் நாலு பேர் மாறியும் வில்லவன் மவுசு குறையவில்லை. எந்தப் படத்தில் எந்தக் கையால் துப்பாக்கி பிடித்தான் என்றுகூட மன்றத்தார் சொல்வார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆண்டு விழாவன்று காலையில் அவர்கள் ஒரு போட்டி வைப்பார்கள். 'யாரும் ஒப்பாத கருத்தை உண்மையாக நம்பிச் சொல்லி, சபை கலையும்வரை அதில் நிற்பவருக்கே பரிசு' என்பது விதி. மறுநாள் காலைக் காட்சிக்கு ஊரின் பெரிய தியேட்டரில் எந்த வில்லவன் படத்தை ஓட்டுவது என்று முடிவு செய்யும் உரிமைதான் அந்தப் பரிசு. தீர்ப்புச் சொல்பவர் மன்றத் தலைவர் தேவசகாயம். சென்னை ஸ்டூடியோக்களில் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர்.

இந்த வருடம் அறுபது பேர் கூடியிருந்தார்கள். லாரிக்குக் கூண்டு கட்டும் ரஹ்மத்துல்லா முதலில் எழுந்தார். "அஞ்சாவது படத்தோட வில்லவனை முடிச்சிருக்கணும். மிச்சம் பதினஞ்சும் வெட்டி" என்றார். அவர் கையைத் தவிர வேறு கை உயரவில்லை.

அடுத்தவர் பஸ் டிரைவர் சென்னியப்பன். ஊரே கேலி செய்யும் ஆறாம் படத்தை எடுத்துக்கொண்டார். அதில் நடித்தவர் அந்த ஒரு படத்தோடு காணாமல் போனவர். "பயப்படாதவனுக்குத் தைரியம் எதுக்குங்க?" என்று கேட்டார் சென்னியப்பன். "குண்டைச் செயலிழக்க வெக்கற சீன்ல இந்த வில்லவன் ஒருத்தனுக்குத்தான் கை நடுங்குது. அந்த நடுங்கற கையோடதான் ஒயரை வெட்டறான். தப்பிச்சு வந்தவனுக்குத் தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்குது. நாலு பேர்ல இவன்தான் மனுசன்."

மண்டபத்தில் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்திரண்டு. ரஹ்மத்துல்லாவும் எழுந்தார். "அஞ்சோட முடிச்சிருந்தா இந்த ஆறு வந்திருக்காது. நான் சொன்னது தப்புங்க" என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவதாக வந்தவர் மரகதவல்லி, பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மன்றம் தலையில் வைத்துக் கொண்டாடும் பதினாலாம் படம்தான் வரிசையிலேயே மோசமானது என்றார். பாலத்திலிருந்து ஓடும் கூட்ஸ் ரயில்மேல் வில்லவன் குதிப்பது அந்தப் படத்தில்தான். பன்னிரண்டு வருடம் கழித்தும் அதற்கு விசில் பறக்கும்.

"பதிமூணு படத்துல யோசிச்சுத் தப்பிச்சவன், இதுல யோசிக்க வேண்டிய எடத்துல குதிச்சுட்டான். அப்புறம் வந்த ஆறு படத்துலயும் குதிச்சுட்டேதான் இருக்கான்" என்றார் மரகதவல்லி. "அது சுத்தமான குதிங்க. குதிச்சவர் மேல குறையே இல்ல. அதை அங்க கொண்டு வந்து வெச்ச கதை மேலதான் குறை."

கூச்சல் எழுந்தது. உட்காரச் சொன்னார்கள். அவர் கையைத் தவிர ஒரு கைகூட உயரவில்லை. பக்கத்தில் இருந்த அவர் கணவர்கூட உச்சுக் கொட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் தேவசகாயம் மரகதவல்லியைத் தனியே அழைத்தார். அவர் வீட்டாரைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தேவசகாயத்துக்குத் தெரியும். பாலத்திலிருந்து குதித்தது நடிகர் அல்ல. ஸ்டண்ட்காரர் மயில்சாமி, மரகதவல்லியின் தகப்பனார். அந்தக் குதியில் அவருக்கு இடுப்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். படத்தில் அவர் பெயர் போடவில்லை.

"அப்பா பட்டதைச் சொல்லும்மா. பாதி சபை உன் பக்கம் வந்துரும்" என்றார் தேவசகாயம்.

"வேண்டாங்கண்ணா. அதைக் கேட்டுட்டுக் கை தூக்கினா அது அப்பாவுக்குத் தூக்கற கை. என் கருத்துக்கு இல்ல."

மதியத்துக்குப் பிறகும் அவர் அதையே சொன்னார், தனியாகவே நின்றார்.

தீர்ப்பு நேரம் வந்தது. "ஊர் ஒப்பாததை ஒப்ப வெச்சவர் சென்னியப்பன், அவருக்கே பரிசு" என்றது ஒரு கூட்டம். "ரசிகன் வாயால தப்புன்னு ஒத்துக்கறதைவிடப் பெருசு எது? ரஹ்மத்துல்லா பாய்க்குத்தான் சேரணும்" என்றது இன்னொன்று. மரகதவல்லிக்காகப் பேச ஆளில்லை. தேவசகாயத்துக்கோ உள்ளே ஒரு சந்தேகம்: அவள் சொன்னது கருத்தா, தகப்பனுக்காக மகள் கொண்ட கோபமா?

தேவசகாயத்தின் இடத்தில் நீங்கள் இருந்தால் பரிசை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: தேவசகாயம் மரகதவல்லிக்குக் கொடுத்தார். சென்னியப்பன் வென்றது உண்மை; ஆனால் வென்ற கணத்தில் அவர் கருத்து ஊர்க் கருத்தாகிவிட்டது. ரஹ்மத்துல்லாவின் நேர்மைக்குத் தலைவணங்கலாம். ஆனால் அவர் தன் கருத்தில் நிற்கவில்லை. கடைசிவரை நின்றவர் ஒருவரே. அது கோபமாக இருந்திருந்தால், கோபத்தின் காரணத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தபோது சொல்லியிருப்பார். குதியைப் புகழ்ந்து கதையைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்.

எந்தப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். "பதினாலு" என்றார் மரகதவல்லி. சபை திகைத்தது.

மறுநாள் கைத்தடியோடு ஒரு மனிதரை அழைத்து வந்து நடு வரிசையில் உட்காரவைத்தார். படம் வெளியானபோது படுக்கையில் கிடந்தவர், அதைப் பெரிய திரையில் அதுவரை பார்த்ததில்லை. பாலம் வந்தது. விசில் காதைப் பிளந்தது. மயில்சாமி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "மூணாவது டேக்" என்றார் மெதுவாக.

வெளியே வரும்போது சென்னியப்பன் வழிமறித்தார். "இப்பவாச்சும் நல்ல படம்னு ஒத்துக்கறீங்களா டீச்சர்?"

"இவர் எங்கப்பா. குதிச்சது இவர்தான்" என்றார் மரகதவல்லி, சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "குதி நல்ல குதிங்க. படம் மோசந்தான்."