அமெரிக்கா கடிகாரமும் நாலு மணி ரயிலும்

ஒரு ஊர்ல ஒரு தில்லைநாயகம் இருந்தாரு. ரயில் நிக்கிற ஊர். கரண்ட்ல ஓடுற பழைய அலாரக் கடிகாரத்தையெல்லாம் தேடிப் புடிச்சு ரிப்பேர் பண்றதுதான் அவருக்கு வேலை. ஊரையே எழுப்பி விடுற மனுஷன். ஆனா அவர எழுப்ப, அவர் வீட்டுக்காரம்மா வேதவல்லி தெனமும் போர்வைய உருவணும். கேக்குறியா பாப்பா?

"ம்."

அப்போ அவரோட அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. தாய்மாமன் மாலை போட்டாத்தானே பொண்ணு மணையில உக்காரும்? அதுக்கு விடிகாலை நாலு மணி ரயிலப் புடிக்கணும். மூணு மணிக்கே எந்திரிக்கணும்.

"நீ எழுப்ப வேணாம் வேதா. என் கடிகாரம் எழுப்பும்"னாரு.

"எழுப்பலேன்னா?"

"வீட்ல இருக்கிற அத்தனை கடிகாரத்தையும் காயலான் கடையில போட்டுடு."

"அப்ப ஒரு அலமாரி காலியாகும்"னு அந்தம்மா பாத்திரம் எங்கெங்க அடுக்கலாம்னு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம் அவரு இருக்கிறதிலயே அழகான ஒண்ண எடுத்தாரு. அமெரிக்கா கடிகாரம். நம்ம ஊர் கரண்ட் அதுக்கு ரெண்டு மடங்கு. நேரா சொருகினா "புஸ்ஸ்"னு பொகைஞ்சுடும். நடுவுல ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் பெட்டிய வெச்சாரு. பொழச்சுது.

அப்புறம் பாத்தா, "உம்ம்ம்"னு மொனகுது, முள்ளு நகரல. உள்ள பழைய எண்ணெய் பிசினாட்டம் இறுகிக் கெடக்கு. மண்ணெண்ணெயில கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாரு. முள்ளு வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. அலாரத்தத் திருப்பினாரு. "டர்ர்ர்ர்!" பக்கத்து வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடுச்சு.

"ம்..."

மூணாவதா வந்ததுதான் வம்பு. அந்தக் கடிகாரம் கரண்ட் துடிக்கிறத எண்ணி எண்ணி ஓடுற ஜாதி. அவங்க ஊர் கரண்ட் அறுபது தடவ துடிக்கிற நேரத்துல நம்மது அம்பதுதான் துடிக்கும். அதனால மணிக்குப் பத்து நிமிஷம் பின்னாடி போகுது. மாத்த வேற சக்கரம் கெடைக்கல.

"இதுக்கா கவலை?"ன்னு கணக்குப் போட்டாரு. ராத்திரி ஒம்பதுக்கு மணி சரியா வெச்சாலும், நெசமா மூணாகும்போது இது ரெண்டுதான் காட்டும். அப்போ அலார முள்ள ரெண்டுல வெச்சாப் போச்சு! வெச்சாரு, படுத்தாரு, "கொர்ர்ர்." வேதவல்லிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. தொழில் ரகசியமாம்.

அந்தம்மா வெளக்க அணைக்க வந்தாங்க. முள்ளப் பாத்தாங்க. "மூணுன்னாரு, ரெண்டுல வெச்சிருக்காரே. பாவம், தோத்துடக் கூடாது"ன்னு முள்ளத் திருப்பி மூணுல வெச்சுட்டு, நிம்மதியா அவங்களும் தூங்கிட்டாங்க.

"டர்ர்ர்ர்!"

தில்லைநாயகம் எந்திரிச்சாரு. தானாவே எந்திரிச்சாரு! கடிகாரத்தப் பாத்தா மூணு. இது ரெண்டுலல்ல அடிச்சிருக்கணும்! கைக்கடிகாரத்தப் பாத்தா நாலு தாண்டிடுச்சு.

"முள்ளத் தொட்டியா?"

"நீங்க தப்பா வெச்சத சரி பண்ணேன்."

"சரியா வெச்சதத் தப்பாக்கிட்டியேடி! அக்கா இனிமே என் மூஞ்சியில முழிக்க மாட்டாளே!"

"முதல்ல வேட்டியக் கட்டுங்க."

டபடபடபன்னு ஓடினாங்க. ஸ்டேஷன்ல போர்ட்டர் ஒருத்தர் மூட்டை மேல உக்காந்து கொசு அடிச்சுக்கிட்டிருந்தாரு. "பட்!"

"ரயிலு போயிருச்சாப்பா?"

"வந்தாத்தானே போறதுக்கு?"

அவர் சொல்லி வாய மூடல, "கூ..."ன்னுச்சு. ஏறினாங்க. எடமும் கெடச்சுது. போயிப் பாத்தா மணையில பொண்ணு இன்னும் உக்காரல. தாய்மாமன் கையால மாலை விழுந்துச்சு.

"பாத்தியா? என் கடிகாரம் ரயிலு லேட்டையும் சேத்து மணி பாக்கும்"னாரு அவரு.

"நான் முள்ளத் திருப்பலேன்னா ஸ்டேஷன்ல விடிய விடிய கொசுக்கடிதான்"னாங்க அந்தம்மா.

ஊர் திரும்புற வரைக்கும் இதே சண்டை. கடிகாரம் எதுவும் காயலான் கடைக்குப் போகல. மறுநாள் காலையில அந்தம்மா வழக்கம் போல போர்வைய உருவினாங்க. நடந்தது என்னன்னு சொல்ல வேண்டிய அந்தக் கடிகாரம் மட்டும் வாயத் தொறக்கல. அதுக்குத்தான் கரண்டப் புடுங்கிட்டாங்களே.

பாப்பா? ..."ம்" சத்தத்தக் காணோம்.

சரி, கதைக்கும் கரண்ட் போயாச்சு. தூங்கு. காலையில எழுப்ப உங்க அம்மா இருக்கா.