அறுபது கொடுக்கு வாசல்

அன்று வட்டத்திட்டில் இருந்தவர்கள்: சங்குநண்டுகள் நூற்றுப் பன்னிரண்டு. பாறைமேல் உட்கார்ந்திருந்த ஆலாப் பறவைகள் நான்கு. கடலட்டை ஒன்று, அது எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. திட்டுக்கு வெளியே, ஆழத்தில், மேற்குச் சுறா ஒன்று. ஆக மொத்தம் நூற்றுப் பதினெட்டு. கிழக்கு முதலை மதியத்துக்கு மேல்தான் வந்தது. அதையும் சேர்த்தால் நூற்றுப் பத்தொன்பது.

வட்டத்திட்டு என்பது கடல் நடுவே வளையல் போலக் கிடந்த ஒரு பாறை. வளையலுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு குட்டை. மேற்கே ஒரே ஒரு வாசல். அதன் அகலம் நான்கு கொடுக்கு. ஒரு கொடுக்கு என்றால் நம் ஆள்காட்டி விரல் அகலம். அந்த வாசல் வழியாக அலை வரும், இரை வரும், காலிச் சங்கும் வரும்.

சங்குநண்டுக்கு முதுகில் சொந்த ஓடு கிடையாது. செத்த நத்தை விட்டுப்போன சங்கில்தான் குடியிருக்கும். உடம்பு வளர்ந்தால் பெரிய சங்கு வேண்டும். கிடைக்காவிட்டால் பாதி உடம்பு வெளியே பிதுங்கி, வெயிலிலும் உப்பிலும் புண்ணாகிச் செத்துப்போகும். அந்த வருடம் பதினொரு நண்டுகள் அப்படிப் பிதுங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒருவன் மணலன்.

மணலனின் அக்கா பவழி. அவள்தான் திட்டுக்கு அளவுக்காரி. காலிச் சங்கு ஒன்று வந்தால் யாரும் பாய்ந்து ஏற மாட்டார்கள். பெரியவர் முதல் சிறியவர் வரை வரிசையாக நிற்பார்கள். பவழி சங்கின் வாயைத் தன் கொடுக்கால் அளப்பாள். பொருந்தியவர் அதில் ஏறுவார். அவர் விட்டதில் அடுத்தவர், அவர் விட்டதில் அதற்கடுத்தவர். ஒரு சங்கு வந்தால் பத்துப் பேர் வீடு மாறுவார்கள்.

ஆனால் பெரிய சங்குகள் வாசலிலேயே முட்டி நின்றுவிட்டன. ஐந்து கொடுக்குச் சங்கு நான்கு கொடுக்கு வாசலில் எப்படி நுழையும்? வெளியே போய் எடுத்து வரவும் முடியாது. அங்கே பேத்தை மீன்கள் திரிந்தன. கிளிமூக்கு போன்ற பல்லால் நண்டைச் சங்கிலிருந்து உருவித் தின்பவை அவை.

இதைப் பேசத்தான் தலைவர் கோலப்பன் கூட்டம் கூட்டியிருந்தார்.

"தலைவரே, உங்கள் கஷ்டம் கேள்விப்பட்டேன்!" என்று வெளியிலிருந்து சுறா குரல் கொடுத்தது. "அந்த வாசலை நான் அகலமாக்கித் தருகிறேன். கைம்மாறு எதுவும் வேண்டாம்!"

"ஒன்றுமே வேண்டாமா?" என்றார் கோலப்பன்.

"எப்போதாவது உள்ளே வந்து சற்று இளைப்பாறுவேன். அவ்வளவுதான்!"

ஐப்பசி பிறந்தால் மத்தி மீன் கூட்டம் வட்டத்திட்டை ஒட்டித்தான் போகும். குட்டைக்குள் படுத்திருந்தால், கூட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் பாய்ந்துவிடலாம். இது சுறாவுக்குத் தெரியும். முதலைக்கும் தெரியும். மத்தி தின்னாத நண்டுகள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

பவழி முன்னால் வந்தாள். "எத்தனை கொடுக்கு அகலம், ஐயா?"

"அறுபது!"

"எங்களுக்கு ஆறு போதுமே!"

"ஆறா?" சுறா சிரித்தது. "அதில் என் மூக்கே நுழையாதே, அம்மா!"

பவழி தலைவரிடம் திரும்பினாள். "கேட்டீர்களா? நம் சங்கை அது அளக்கவில்லை. தன் வயிற்றை அளந்துகொண்டு வந்திருக்கிறது."

"பெரிதாக இருந்தால் என்னம்மா?" என்றார் கோலப்பன். "நாம் என்ன செய்கிறோம்? கொஞ்சம் பெரிய சங்கில் ஏறுகிறோம். அப்புறம் அதற்குள் வளர்ந்துகொள்கிறோம். வாசலுக்கும் அப்படியே வளர்ந்துகொள்வோம்!"

நண்டுகள் கொடுக்கைத் தட்டி ஆரவாரம் செய்தன.

"அது கிடக்கட்டும். உன் தம்பியைப் பார்," என்றார் கோலப்பன், குரலைத் தாழ்த்தி. "இன்னும் எத்தனை நாள் தாங்குவான்?"

பவழி பார்த்தாள். மணலனின் முதுகு பாதி வெளியே இருந்தது. அதில் இரண்டு புண்கள்.

சம்மதம் என்று கொடுக்கைத் தூக்கியவர்கள் நூற்றுப் பதினொரு பேர். பவழி தூக்கவுமில்லை, இறக்கவுமில்லை. பாதியில் வைத்திருந்தாள். கோலப்பன் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து முதலை மூச்சிரைக்க வந்தது. ஆற்று முகத்திலிருந்து ஒரே நீச்சல்.

"என்ன தலைவரே, சுறா மட்டும்தான் உங்களுக்குச் சொந்தமா? நான் கிழக்கே புது வாசல் திறக்கிறேன்! எழுபது கொடுக்கு!"

கோலப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தாயா பவழி? சுறா மிரட்டினால் முதலையைக் காட்டலாம். முதலை மிரட்டினால் சுறாவைக் காட்டலாம். இரண்டையும் நம் கையில் வைத்துக்கொள்வோம்!"

பாறைமேலிருந்த ஆலா ஒன்று கீழே எட்டிப் பார்த்தது. "உங்கள் கையில் ஒரு மத்தியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா, அண்ணே? அதை முதலில் செய்து காட்டுங்கள்!"

"நீ பறந்து போகிறவள். உனக்கென்ன?" என்றார் கோலப்பன்.

"அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் பறக்க முடியாதே!"

வேலை தொடங்கியது. சுறா மூக்கால் இடித்துக் கல்லைப் பெயர்த்தது. ஒன்பது நாள் ஆயிற்று. முதலை வாலால் அடித்து உடைத்தது, எட்டே நாள். பவழி இரண்டையும் அளந்தாள். மேற்கு வாசல் அறுபத்திரண்டு கொடுக்கு. கிழக்கு வாசல் எழுபத்தொன்று. இரண்டுமே சொன்னதைவிடக் கூடுதல்.

அடுத்த இருபது நாளில் இருபத்தாறு சங்குகள் உள்ளே உருண்டு வந்தன. இப்படி ஒரு வரவைத் திட்டு கண்டதில்லை. தினமும் வரிசை, தினமும் வீடு மாற்றம். பிதுங்கிக்கொண்டிருந்த பதினொரு பேருக்கும் சங்கு கிடைத்தது. கோலப்பன் காலையிலும் மாலையிலும் இரண்டு வாசலுக்கும் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

மணலன் ஒரு செம்பழுப்புச் சங்கைப் பிடித்துக்கொண்டான். பவழி அதன் வாயை அளந்தாள்.

"உனக்கு அரைக் கொடுக்கு அதிகம், மணலா. உள்ளே சுருண்டு கொடுக்கால் வாயை அடைத்தாலும், ஓரத்தில் சந்து இருக்கும்."

"போக்கா! இத்தனை நாள் பிதுங்கிக் கிடந்தவன். காலை நீட்ட எனக்கு இடம் வேண்டாமா?"

"அளவு அளவுதான்."

"வளர்ந்துகொள்வேன் அக்கா! தலைவரே சொன்னாரே!"

அவன் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பவழி விட்டுவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் சுறா இளைப்பாற வந்தது. மேற்கு வாசலில் உடம்பைப் பொருத்திப் படுத்தது. பிறகு போகவில்லை. மறுநாள் முதலை கிழக்கு வாசலில் வந்து படுத்தது. அதுவும் போகவில்லை.

"முதலையிடமிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறேன்," என்றது சுறா.

"சுறாவிடமிருந்து உங்களைக் காப்பாற்ற வேண்டாமா?" என்றது முதலை.

குட்டைக்குக் குறுக்கே இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. அது வாலை அசைத்தால் இது வாயைப் பிளந்தது. இது கண்ணைச் சிமிட்டினால் அது பல்லைக் காட்டியது.

ஐப்பசி இரண்டாம் நாள், வாசல் அகலமானதை அன்றுதான் மோப்பம் பிடித்த மூன்று பேத்தை மீன்கள் சுறாவின் வயிற்றுக்கு அடியில் நுழைந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் நுழைந்தன.

பவழி சுறாவிடம் ஓடினாள். "ஐயா! உங்கள் வயிற்றடியில் பேத்தை வருகிறது! வாலை ஒரு தடவை வீசுங்கள்!"

"பேசாதே! முதலை ஒரு கண்ணை மூடியிருக்கிறது. ஏதோ திட்டம் போடுகிறது."

"ஒரே ஒரு வீச்சு, ஐயா!"

"நான் வாலை வீசினால் அது சண்டை என்று நினைத்துக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்துக்காகவா?"

"சின்ன விஷயமா? எங்களைத் தின்கிறார்கள்!"

"நான் இங்கே இருப்பது முதலைக்குக் காவல், அம்மா. பேத்தைக்கு இல்லை."

பவழி குட்டையைக் குறுக்கே கடந்து முதலையிடம் ஓடினாள். நண்டின் ஓட்டத்துக்கு அது நெடுந்தூரம்.

முதலை அவளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. "இப்போதுதானே சுறாவோடு பேசிக்கொண்டிருந்தாய்? என் தலையைத் திருப்ப அது உன்னை அனுப்பியிருக்கிறது. போ, போ!"

அவள் திரும்பி ஓடி வந்தாள். அதற்குள் ஒரு பேத்தை மணலனின் சங்கருகே வந்திருந்தது. அவன் உள்ளே சுருண்டு கொடுக்கால் வாயை அடைத்தான். ஓரத்தில் அரைக் கொடுக்குச் சந்து இருந்தது. பேத்தையின் பல்லுக்கு அது போதும்.

பவழி வந்து சேர்ந்தபோது, செம்பழுப்புச் சங்கு மணலில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொடுக்கால் பிடித்து நிறுத்தினாள்.

சுறாவோ முதலையோ விரட்டும் என்று காத்திருந்ததிலேயே பன்னிரண்டு நாள் போனது. மூன்று பேத்தைகள், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு நண்டு என்றால் எழுபத்திரண்டு ஆக வேண்டும். கடைசி நாளில் ஒரு பேத்தை வயிறு நிறைந்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே எழுபத்தொன்று.

பதின்மூன்றாம் நாள் மத்திக் கூட்டம் வந்தது. இரண்டு பெரிய உடம்புகளின் வாடையும் தூரத்திலேயே அதற்குத் தெரிந்துவிட்டது. திட்டின் பக்கமே வராமல் தெற்கே திரும்பியது. சுறா பின்னால் பாய்ந்தது. சுறா போனதைக் கண்டு முதலையும் பாய்ந்தது.

கோலப்பன் வாசல்வரை ஓடினார். "ஐயா! போகும்போது வாசலை மூடிவிட்டுப் போங்கள்!"

"திறந்து தருவதாகத்தானே சொன்னேன்?" என்றது சுறா, திரும்பாமலே. "மூடித் தருவதாக எப்போது சொன்னேன்?"

கோலப்பன் திரும்பி வந்து பவழியின் எதிரே நின்றார். அவள் வடக்குப் பக்கம் நடந்தாள். வடக்குப் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. அவள் அதன் வாயை அளந்தாள். மூன்று கொடுக்கு. இந்த முறை பேத்தையின் தலையையும் தூரத்திலிருந்தே கண்ணால் அளந்தாள். ஐந்துக்குக் குறையாது. "எல்லோரும் இதற்குள் வாருங்கள்," என்றாள். பெரிய சங்கில் இருந்தவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியே கிடந்த சிறு சங்குகளில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு நுழைந்தார்கள். யாரும் இடம் போதவில்லை என்று சொல்லவில்லை.

உள்ளே நுழைந்தவர்களைப் பவழி ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினாள். பிறகு வெளியே குட்டையில் கிடந்தவற்றை எண்ணினாள். எல்லா அளவிலும் சங்குகள் கிடந்தன. வரிசையில் நிற்கத்தான் ஆளில்லை.

மீந்த நண்டுகள் நாற்பத்தொன்று. காலிச் சங்குகள் தொண்ணூற்றேழு.

உங்களுக்காக என்று சொல்லி ஒருவர் வழி திறக்க வந்தால், அது எவ்வளவு பெரியது என்று மகிழ்வதற்கு முன், யாருடைய உடம்புக்கு அளந்தது என்று பாருங்கள்.