மில் கடிகாரத்தில் அஞ்சரை

பஞ்சாலைச் சங்கு ஊதினால்தான் ஊருக்குப் பொழுது விடியும், பொழுது சாயும் என்றிருந்த காலம். அந்த ஆலையின் சுவர்க்கடிகாரம் மட்டும் மதியத்துக்கு மேல் நத்தையாக ஊரும். ஆறு மணிக்கு வேலை முடியணும், ஆனால் அது ஆறடிப்பதற்குள் வெளியே இருட்டிவிடும். நூல் சுற்றும் மாடத்தி ஒருநாள் முதலாளியிடம் கேட்டே விட்டாள்.

"என் கடிகாரமா தப்பு? இன்னிக்கே நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!" என்று கத்தினார் சிங்காரவேலு.

கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு எந்தப் பெண்ணும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் சட்டம்தான். மாடத்தி திரும்பிப் போய் நூலைச் சுற்றினாள்.

சாயங்காலம் முதலாளி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மாடத்தி குறுக்கே நின்றாள்.

"எங்க மொதலாளி ஓடுறீங்க?"

"ஆறு மணி ரயிலுக்கு! வழி விடு!"

"நம்ம கடிகாரத்துல அஞ்சரைதான ஆகுது? ஸ்டேஷன் எதுத்தாப்லதான் இருக்கு. உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க."

எதிரே ரயில் கூவியது. நாற்பது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள்.

சிங்காரவேலு கடிகாரத்தைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார்.

"சங்கை ஊதித் தொலைங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

மாடத்தி வீடு சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. மறுநாளும் இருந்தது.