உமையாள் அம்மாவின் ஹெல்மெட்

உமையாள் அம்மா சைக்கிளிலிருந்து விழுந்த நாள் முதல் ஆவுடையம்மாளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தென்காசிக்கு மேற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி இருந்தது அம்மாவின் மடம். மடம் என்று பெயர்தானே ஒழிய, ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அம்மா காரைக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலையை மழித்து, வெள்ளைத் துணியால் மூடியிருப்பார். தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போவார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். பிரசங்கம் கிடையாது, விபூதி கிடையாது.

ஆவுடையம்மாள் வயதில் அவருக்கு மூத்தவள். அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு ஒரு நாள் மடத்துக்கு வந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். அவள் அம்மாவை ‘அம்மா’ என்பாள். அம்மா அவளை ‘அக்கா’ என்பார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு கூசும்.

நாய் குறுக்கே வந்து அம்மா விழுந்தபோது முழங்காலும் முழங்கையும்தான் சிராய்த்தன. ஆவுடையம்மாளே கழுவி மருந்து போட்டாள். ஆனால் தலை மைல்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு சாண் அவளைப் பிடித்துக்கொண்டது.

தியானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் மைல்கல் வந்து நின்றது. எழுந்துவிடுவாள். அம்மா சைக்கிளை எடுத்தால் பின்னாலேயே வாசல் வரை போவாள். திரும்பி வரும் பெல் சத்தம் கேட்கும் வரை உள்ளுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். ஒரு நாள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் நாறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கேட்டேவிட்டாள்.

“அம்மா, என் மனசு ஏன் இப்படிக் கிடந்து அடிச்சுக்குது? இத்தனை வருஷம் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?”

அம்மா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன செஞ்சா அடங்கும்னு தோணுது?”

“நீங்க சைக்கிளை விட்டுட்டா அடங்கும்.”

“அது முடியாதே. வேற?”

ஆவுடையம்மாள் யோசித்தாள். “தலைக்கு ஒரு ஹெல்மெட்டாவது போட்டுக்கிட்டா...”

“வாங்கிட்டு வாங்க. போட்டுக்கிறேன்.”

அன்றைக்கே பஸ் ஏறி டவுனுக்குப் போனாள்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: “ஹெல்மெட் யாருக்கு?”

“எங்க அம்மாவுக்கு.”

அவர் நிமிர்ந்து அவள் நரைத்த தலையைப் பார்த்தார்.

“உங்க அம்மா... சைக்கிள் ஓட்டுதாங்களா?”

“நல்லா ஓட்டுவாங்க. எனக்கு அவங்க குரு.”

“அப்படிச் சொல்லுங்க. தலை எப்படி, பெருசா சிறுசா?”

ஆவுடையம்மாளுக்கு அம்மாவின் பாதம் தெரியும். இடது சுண்டுவிரல் நகம் உடைந்திருப்பது வரை தெரியும். குரல் தெரியும். தலையை நினைத்தால் வெள்ளைத் துணிதான் நினைவுக்கு வந்தது. துணிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“பெருசுதான்,” என்றாள். சின்னது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

“அளந்தீங்களா?”

“பெருசுதாங்க.”

கடையிலேயே உசத்தியானது எதுவோ, அதில் பெரிய அளவை வாங்கினாள். பால் வெள்ளை. மடத்துக்குக் கொண்டுவந்து, துடைத்து, அம்மா உட்காரும் பலகைக்கு எதிரே துணி விரித்து அதன் மேல் வைத்தாள். ஒரு செம்பருத்திப் பூவையும் வைத்தாள்.

அம்மா பூவை எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தார். அது புருவத்தைத் தாண்டி இறங்கியது. பிறகு தலை இங்கிருக்க, அது மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியது.

“சௌகரியமா இருக்கா அம்மா?”

“ஆடுது.”

“வாரைக் கொஞ்சம் இறுக்கிக்கிட்டா?”

அம்மா இறுக்கினார். தாடை நெருக்கியது, மேலே ஆடிக்கொண்டேதான் இருந்தது. அப்படியே கிளம்பிப் போனார். ஆவுடையம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஹெல்மெட் முன்னால் சரிந்தது. அம்மா ஒரு கையால் அதை மேலே தள்ளினார். அந்த ஒரு கை ஹேண்டில்பாரை விட்டு எடுபடும்போதெல்லாம் இவள் நெஞ்சு திடுக்கென்றது. முன்பு அம்மா தெருமுனை திரும்பிய பிறகுதான் பயம் வரும். இப்போது கண்ணெதிரிலேயே வந்தது.

மறுநாள் மறுபடி கடை.

“அளந்தீங்களான்னு அப்பவே கேட்டேன்லா,” என்றார் கடைக்காரர். ஒரு டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். “புருவத்துக்கு மேல, காதுக்கு மேல, பின்மண்டை எங்க புடைச்சிருக்கோ அதையும் சேர்த்து ஒரு சுத்து. அவ்வளவுதான். வேணும்னா அவங்களையே கூட்டிட்டு வந்திருங்க.”

அம்மாவைக் கடைத்தெருவில் நிறுத்தித் தலையை அளப்பதா? அவள் டேப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

“கடைக்காரர் அளவு கேட்கிறார் அம்மா. நீங்களே அளந்து சொல்லிட்டீங்கன்னா...”

“என் பின்மண்டையை நான் பார்த்ததே இல்லையே அக்கா. நீங்க அளங்க.”

சொல்லிவிட்டு அம்மா தலைத் துணியை எடுத்து மடியில் வைத்தார். குனிந்தார்.

ஆவுடையம்மாள் எத்தனையோ தலைகளுக்குக் கட்டுப் போட்டவள். குடித்துவிட்டுக் கத்தியவன் தலை, பிறந்து அழாத குழந்தையின் தலை. எந்தத் தலைக்கு முன்னாலும் அவள் கை நின்றதில்லை. இப்போது நின்றது. அந்தத் தலையை அவள் பார்க்கக்கூட இல்லை; பார்வை தானாகக் கீழே போய் அம்மாவின் பாதத்தில் உட்கார்ந்துகொண்டது.

“நான் எப்படி அம்மா, உங்க தலையில கை வைக்கிறது?”

அம்மா குனிந்தபடியே இருந்தார். ஆவுடையம்மாள் டேப்பைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு வழி கண்டுபிடித்தாள். பழைய தலையணையிலிருந்து ஸ்பாஞ்சை வெட்டி ஹெல்மெட்டின் உள்ளே வைத்துத் தைத்தாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட கை. வேலை சுத்தமாக இருந்தது. அம்மா போட்டுப் பார்த்தார்.

“இப்ப?”

“இப்ப மெத்து மெத்துன்னு ஆடுது.”

அம்மா சிரித்தார். ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு அடுக்கு வைத்துத் தைத்தாள். பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. காலையில் எழுந்ததும் பிரித்துத் தைப்பாள். மடத்துக்கு வருகிற மற்றவர்கள் தியானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

சாரல் காலம் தொடங்கியது. ஒரு நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, அவள் வழக்கம்போல் வாசலில் நின்றிருந்தாள். தூரத்தில் வாய்க்கால் கரை மேல் அம்மா வருவது தெரிந்தது. தூறலில் ஸ்பாஞ்செல்லாம் நனைந்து கனத்திருக்க வேண்டும். அம்மா ஹெல்மெட்டை ஒரு தடவை மேலே தள்ளினார். இன்னொரு தடவை தள்ளினார். கரை வளையும் இடத்தில் சக்கரம் ஒரு குழியில் இறங்கி எழுந்தது. ஹெல்மெட் அப்படியே முகத்தின் மேல் கவிழ்ந்தது.

கரை வளைந்தது. சைக்கிள் நேரே போயிற்று.

ஆவுடையம்மாள் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். நடுவில் சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் வெளியே தெரிந்து சுற்றிக்கொண்டிருந்தது. கரையோரம் அம்மா சேற்றில் உட்கார்ந்து, முகத்தை மூடிய ஹெல்மெட்டோடு வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் இறங்கினாள். வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தாள். நனைந்த துணியை உருவினாள். இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்தாள்.

உச்சி. பிடரி. காதுக்குப் பின்னால். விரல்கள் தாமாகவே போய்ப் போய்த் தேடின. அழுத்தி, விலக்கி, மறுபடி அழுத்தி. ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. சின்னத் தலை. அவள் நினைத்திருந்ததைவிட எவ்வளவோ சின்னது. பக்கவாட்டில் ஒடுங்கி, பின்னால் கொஞ்சம் நீண்டிருந்தது. இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம் விரலில் தட்டியது.

“இது என்ன? இது இப்ப பட்டதா?”

“சின்ன வயசுல. ஆட்டுக்கல்லுல மோதிக்கிட்டேன்.”

“வலிக்குமா?”

“பனிக்காலத்துல.”

“ஒரு நாளும் சொல்லலையே!”

“நீங்க கேட்கலையே அக்கா.”

அப்போதுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. நெருப்பைத் தொட்டவள் போல இழுத்துக்கொண்டாள்.

“எடுக்காதீங்க,” என்றார் அம்மா. “குளிருது.”

அவள் மறுபடி வைத்தாள். தண்ணீர் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு ஓடியது. திடீரென்று அவளுக்குக் கோபம் வந்தது. குருவிடம் அவள் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

“ஆடுதுன்னு தெரியுதுல்ல? பின்ன எதுக்குப் போட்டுக்கிட்டுப் போனீங்க? விழுந்து செத்துப் போயிருந்தா?”

“நீங்களும்தானே அக்கா தினம் பார்த்தீங்க, ஆடுறதை.”

ஆவுடையம்மாள் முந்தானையைப் பிழிந்து அந்தத் தலையைத் துவட்டினாள்.

மறுநாள் இரண்டு பேரும் சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்கள்.

சன்னியாசி அம்மா நேரில் வந்ததும் கடைக்காரருக்குக் கை ஓடவில்லை. ஹெல்மெட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். “நீங்களே போட்டுவிடுங்கம்மா. நான் சொல்லுதேன்.”

ஆவுடையம்மாள் டேப்பை எடுத்தாள். புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்னால் புடைத்த இடத்தைச் சேர்த்துச் சுற்றினாள். அந்த அளவில் மூன்று இருந்தன. முதலாவது உருண்டை வாக்கு. நெற்றியிலும் பின்மண்டையிலும் நெருக்கி, இரண்டு பக்கமும் காலியாக நின்றது. எடுத்துவிட்டாள். அடுத்தது பரவாயில்லை என்றார் கடைக்காரர். அவள் இடது காதுக்கு மேலே விரலை நுழைத்துப் பார்த்தாள். விளிம்பு சரியாகப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

“இது வேண்டாம். பனிக்காலத்துல வலிக்கும்.”

மூன்றாவது நீள வாக்கு. கிளிப்பச்சை நிறம், இரண்டு பக்கமும் மின்னல் படம். காலேஜ் பையன்கள் போட்டுக்கொள்கிற மாதிரி. ஆவுடையம்மாள் அதைத் தொடத் தயங்கினாள்.

“வெள்ளையில இதே மாதிரி இல்லையா?”

“இல்லையேம்மா.”

“போடுங்க அக்கா,” என்றார் அம்மா. “அதைப் பார்க்கப் போறது நான் இல்லையே.”

போட்டாள். சாயாமல் நேராக உட்கார்ந்தது. புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. பின்னால் இருந்த திருகைத் திருகினாள். வார் காதுக்குக் கீழே வந்து சேருகிற மாதிரி இழுத்துவிட்டாள். தாடைக்கு அடியில் தன் விரலைக் கொடுத்துப் பூட்டை மாட்டினாள்.

“பெருசா ஒரு கொட்டாவி விடச் சொல்லுங்க,” என்றார் கடைக்காரர். “வாயைத் திறக்கும்போது மேல ஒரு அழுத்தம் தெரியணும்.”

அம்மா கடைக்கு நடுவில் நின்று வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டார். அதைப் பார்த்துக் கடைக்காரருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

“தலையை ஆட்டுங்கம்மா,” என்றாள் ஆவுடையம்மாள்.

அம்மா ஆட்டினார். ஹெல்மெட்டும் தலையும் சேர்ந்தே ஆடின.

“இங்க குத்துதா?”

“இல்லை.”

“இங்க?”

“இல்லை.”

“நெத்தியில நெருக்குதா?”

“இருக்கிறதே தெரியலை அக்கா.”

வெளியே வந்தார்கள். பஸ்ஸும் ஆட்டோவுமாகச் சாலை இரைந்துகொண்டிருந்தது. கடையில் கொடுத்துச் சரி செய்த சைக்கிள் வாசலில் நின்றது. அம்மா அதிலேயே மடத்துக்குப் போவதாகச் சொன்னார். ஆவுடையம்மாள் பஸ்ஸில் வர வேண்டியது. அம்மா ஏறி உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். ஆவுடையம்மாள் இன்னொரு தடவை தாடைக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பார்த்தாள். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இனிமே இந்தப் பயம் போயிடுமா?”

“போகாது,” என்றார் அம்மா. பெடலில் காலை வைத்தார். “ஆனா இனிமே அது என் தலை அளவுக்குத்தான் இருக்கும்.”