ஒரு மரம், இரண்டு நேர்த்தி

கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ஃபிஜித் தீவில் ஆற்றங்கரை ஊர் ஒன்று. அங்கே ஊர் கூடிப் பொதுவில் ஆரஞ்சுத் தோப்பு வைத்தார்கள். வாசிதி அந்த மண்ணின் பெண். தன் கொல்லையில் முளைத்த காட்டு எலுமிச்சைக் கன்றைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா தன் ஆரஞ்சு மரத்தின் துளிர்க் கண்ணைச் சீவி எடுத்து அதன் தண்டில் ஒட்டினாள்.

"வேர் உன்னுது, பழம் என்னுது தங்கச்சி."

"தண்ணி ஊத்தக் குடம் தூக்குற இடுப்பு மட்டும் யாருது அக்கா? என்னுதுதானே!"

அரசாங்கத் தோட்ட ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லிப் போனார்: "ஒட்டுக்குக் கீழே துளிர்த்தா உடனே கிள்ளிடுங்க. அது எலுமிச்சையாத்தான் போகும்."

மரம் காய்க்கும் முன்னே புயல் வந்தது. பச்சையம்மா மகன் மாணிக்கமும் வாசிதி புருஷன் எபேலியும் ஒரே படகில் மீனுக்குப் போயிருந்தார்கள். கூரை பறக்கிற காற்றில் பச்சையம்மா மாரியம்மனைக் கூப்பிட்டாள்: "தாயே, பிள்ளையைக் கொடு. எங்க மரத்து முதல் காய் உனக்கு." அந்நேரம் வாசிதியும் தன் வீட்டில் முழங்காலிட்டு, அதே மரத்து முதல் காயைத் தன் தேவாலயத்துக்கு நேர்ந்துகொண்டாள். ஒருத்தி நேர்ந்தது மற்றவளுக்குத் தெரியாது.

காற்று அடங்கியது. மோட்டார் போன படகைத் துடுப்புப் போட்டே இருவரும் கரை சேர்த்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுத அழுகை ஊருக்கே கேட்டது.

தோப்பில் அந்த ஒரு மரம்தான் மிஞ்சியது, மொட்டையாக. பிறகு மேலேயும் துளிர்த்தது. ஒட்டுக்குக் கீழேயும் முள்ளோடு ஒரு கிளை விட்டது. பச்சையம்மா கத்தியை எடுத்தாள். வாசிதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புயலே விட்டுவச்சதை நாம வெட்டுறதா? இருக்கட்டும் அக்கா."

சில வருஷம் கழித்து உச்சியில் ஒரே ஒரு ஆரஞ்சு பழுத்தது. கீழே முள்ளுக்குள் ஒரு எலுமிச்சை மஞ்சளாகத் தொங்கியது. அதைப் பழமென்று யார் எண்ணினார்கள்? பறிக்க இருவரும் ஒன்றாய்ப் போனபோதுதான் நேர்த்தி வெளியே வந்தது.

"பாதி பாதியா வச்சுக்கலாமா அக்கா?"

"அறுத்ததை ஆத்தா ஏத்துக்க மாட்டா. உங்க போதகர் மட்டும் வாங்குவாரா?"

"வாங்க மாட்டார். அப்ப நீயே எடுத்துக்கோ."

"உன் புருஷனும்தான் உசிரோட வந்தான். உன் வாக்குப் பொய்க்க நான் எப்படிடி எடுப்பேன்?"

பச்சையம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். இருவர் வாக்கும் பொய்க்காமல் இருக்க வழி உண்டா? யார் எதைப் பறிக்க வேண்டும்?

விடை: உட்கார்ந்த பச்சையம்மாவின் தோளில் முள் குத்தியது. திரும்பினாள், எலுமிச்சையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். ஒட்டு மரம் என்பது ஓர் உடம்பில் இரண்டு மரம். முதல் காயும் இரண்டு. ஆத்தாளுக்கு எலுமிச்சையை விட உகந்தது எது? வாசிதி கொடுத்த வேரில் காய்த்தது மாரியம்மன் கோயிலுக்குப் போனது. பச்சையம்மா கொடுத்த கண்ணில் பழுத்தது தேவாலயத்துக்குப் போனது. ஒவ்வொருத்தியும் மற்றவள் கொடுத்ததைக் கொண்டே தன் வாக்கைக் காப்பாற்றினாள். அந்த முள்கிளையை இன்றுவரை யாரும் வெட்டவில்லை. ஆபீசர் வருகிற அன்று மட்டும் பச்சையம்மா அதன்மேல் சேலையைக் காயப்போட்டுவிடுவாள்.