பந்தல் நனையாத கல்யாணம்

அசமந்தபுரத்தில் எல்லோரும் புத்திசாலிகள்தான். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடையாது. நாம் சடையாண்டியிடம் போவோம்.

அவனுடைய அக்கா மகள் வடிவுக்குக் கல்யாணம். ஐப்பசி மாதம். வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாய்மாமனான அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"காதுகுத்துல நீ போட்ட பந்தல் ஒழுகி, ரசம் எது மழைத் தண்ணி எதுன்னு தெரியாமப் போச்சு," என்றாள் அக்கா சிட்டம்மாள். "இந்தத் தடவை பந்தல்ல ஒரு சொட்டு மழை விழுந்துச்சு, தாய்மாமன் மாலை உனக்குக் கிடையாது. சித்தப்பா மகனுக்குப் போட்டுருவேன். தார்ப்பாய் வாங்கி வச்சிருக்கேன், பார்த்துக்க."

சடையாண்டி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வடிவு பிறந்த அன்றிலிருந்து அந்த மாலைக்காகத்தான் கழுத்தை வைத்துக்கொண்டிருக்கிறான்.

கூட்டாளிகள் பூலோகமும் குப்பாண்டியும் கூடி யோசித்தார்கள். பொண்ணு பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை பெய்யும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே விடியற்காலையிலேயே அரிசி மூட்டைகளைத் தூக்கி எதிர்வீட்டு வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தார்கள். உலையைக் கொதிக்கவிட்டு, சமையற்காரர் அரிசியைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்.

அப்படியும் கிழக்கே கருகருவென்று மேகம் திரண்டது.

"வடிவு ஒரு மணி அரிசிகூட வாயில போடலையேப்பா!" என்றான் சடையாண்டி.

"அப்போ மாப்பிள்ளைதான் தின்னுருக்காரு," என்றான் பூலோகம்.

குப்பாண்டி நேரே மாப்பிள்ளையிடம் போய், "மாப்ளே, ஆ காட்டுங்க," என்றான். இந்த ஊர்ச் சடங்கு போலிருக்கிறது என்று அவரும் பவ்யமாக வாயைத் திறந்தார். உள்ளே வெற்றிலைதான் இருந்தது.

இனித் தார்ப்பாய்தான் கதி. சடையாண்டி அதைப் பந்தல்மேல் ஏற்றப் போனான். பூலோகம் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மழை எதுமேல விழும்?"

"தார்ப்பாய் மேல."

"தார்ப்பாய் எதுமேல கிடக்கும்?"

"பந்தல் மேல."

"அப்போ மழை எதுமேல விழுந்த கணக்கு?"

சடையாண்டி தார்ப்பாயைக் கீழே போட்டான். நல்ல வேளை, மாலை தப்பித்தது! மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் குப்பாண்டிதான் கேட்டான்.

"மழை வந்தா துணிமணியை என்ன செய்வோம்?"

"உள்ளே எடுத்து வைப்போம்."

"பந்தலுக்கு மட்டும் என்னப்பா ஓரவஞ்சனை?"

அவ்வளவுதான். கயிற்றை அறுத்தார்கள், கீற்றைச் சரித்தார்கள், மூங்கிலைப் பிடுங்கினார்கள். வீட்டுக்குள் இடம் போதவில்லை. அதனால் உள்ளே இருந்த மாப்பிள்ளை வீட்டார், சீர்வரிசைத் தட்டு, நாதஸ்வரக்காரர், அலங்காரம் பாதியில் நின்ற வடிவு என்று எல்லாவற்றையும் மரியாதையாக வெட்டவெளிக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். பந்தல் சௌகரியமாக உள்ளே படுத்துக்கொண்டது. அதன்மேல் தார்ப்பாயையும் போர்த்தினார்கள்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தவில் ஊறிப்போய்த் தொப்புத் தொப்பென்றது. நல்ல நேரம் தவறக் கூடாதே என்று, ஐயர் நனைந்துகொண்டே மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை நனைந்துகொண்டே தாலி கட்டினார்.

சொட்டச் சொட்ட வீட்டுக்குள் ஓடிவந்தாள் சிட்டம்மாள்.

"பந்தல் எங்கேடா?"

"தொட்டுப் பாருக்கா! ஒரு சொட்டு விழுந்திருந்தா என்னை ஏன்னு கேளு. மாலை எங்கே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கூரை ஓட்டிலிருந்து ஒரு சொட்டு கிளம்பியது. சடையாண்டி பாய்ந்துபோய்த் தார்ப்பாய்மேல் ஏறி நின்றான். சொட்டு அவன் உச்சந்தலையில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. அந்த இடத்தை விட்டு அவன் அசையவில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கூடப் பிறந்தவனாயிற்றே! மாலையைக் கொண்டுவந்து, எட்டி அவன் கழுத்தில் போட்டாள். அவனுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. எது கண்ணீர், எது ஓட்டுத் தண்ணீர் என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தார். "தம்பி, எதுக்கு இந்தக் கஷ்டம்? பந்தலை ரெண்டடி தள்ளி வச்சா ஒழுகாதே?"

சடையாண்டி மாலையைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏன் சம்பந்தி, முகூர்த்தக்கால் ஊன்றின பந்தலைக் கல்யாணத்தன்னைக்கு இடம் மாத்துவாங்களா? நீங்க எந்த ஊருய்யா?"